மூடி திறக்காத குப்பி

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. உரக்கச் சொல்லும் கதை இல்லை இது. இதில் ராஜா வர மாட்டார், பூதமும் வராது. ஒரு தோல் வரும். அந்தத் தோலில் கதவு இருக்கிறதா இல்லையா என்று ஆறு வருஷம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் வருவாள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நடுவில் புரியாத பேர் ஏதாவது வந்தால் பயப்படாதீர்கள், பக்கத்திலேயே அர்த்தமும் வந்துவிடும்.

அவள் பேர் ஜெசிந்தா. ஊர் கிளியனூர், வயது முப்பத்தொன்று. அப்பா காலமாகி வெகுநாளாயிற்று. அம்மா செண்பகம் அடுத்தவர் கழனியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கியும் களை எடுத்தும் பிள்ளைகள் இரண்டு பேரையும் ஆளாக்கினாள். இளையவன் தேவா பாண்டிச்சேரியில் பிளெக்ஸ் அடிக்கிற கடையில் வேலை செய்கிறான். மூத்தவளான ஜெசிந்தா திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. ஆறு வருஷத்து வேலையை எழுதி முடித்தாயிற்று. வருகிற திங்கட்கிழமை அந்த ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட்டால், அவர்கள் தெருவிலேயே முதல் முனைவர் அவள்தான். திங்கட்கிழமை தவறினால் பதிவு செய்த காலம் முடிந்துபோகும். அதற்கப்புறம் யார் கையையாவது காலையாவது பிடித்துத்தான் தவணை வாங்க வேண்டும்.

அவள் என்ன ஆராய்ந்தாள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை நகராது.

மல்லாட்டைச் செடியைப் பிடுங்கினால் வேரில் கடுகு ஒட்டினாற்போலச் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த முடிச்சுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றுக்கும் செடிக்கும் நடுவே கொழுப்பாலான ஒரு மெல்லிய சுவர். உப்பு கொழுப்பைத் தாண்டிப் போகாது. ஆனாலும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொடுக்கல் வாங்கல் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அப்படியானால் சுவரில் எங்கோ கதவு இருக்கிறது. அந்தக் கதவு ஒரு புரதம். மின்சாரம் சுமந்த உப்புத் துணுக்குக்கு அயனி என்று பேர். அது போய்வருகிற வழி என்பதால் கதவுக்கு அயனிக் கால்வாய் என்று புத்தகத்தில் எழுதுவார்கள். மல்லாட்டை வேர் முடிச்சில் அப்படி ஒரு கதவு உண்டென்று காட்டுவதுதான் ஜெசிந்தாவின் வேலை.

கதவைத் தனியாகச் சோதிக்க வேண்டுமென்றால் அதை வீட்டிலிருந்து கழற்றி, நாமே கட்டிய வெறும் சுவரில் மாட்டிப் பார்க்க வேண்டும். ஜெசிந்தாவிடம் கட்டைவிரல் அளவு ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் இருந்தது. அதன் பக்கவாட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை. கிண்ணத்துக்கு உள்ளேயும் வெளியேயும் உப்புத் தண்ணீர் நிற்கும். பெட்ரோல் வாசம் அடிக்கிற திரவத்தில் கரைத்த கொழுப்பை ஒரு மெல்லிய தூரிகையில் தொட்டு அந்த ஓட்டையின்மேல் ஒரே ஒரு தடவு தடவுவாள். முதலில் சோப்புக் குமிழிபோல வர்ணம் வர்ணமாய் மின்னும். பிறகு வர்ணம் வடிந்து கறுத்துப் போகும். கறுத்தால் தோல் அமைந்துவிட்டது என்று அர்த்தம். பதினாலாயிரம் தோலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் ஒரு தலைமுடிப் பருமன் வரும், அவ்வளவு மெல்லிசு.

தோலுக்கு இந்தப் பக்கம் ஒரு வெள்ளிக் கம்பி, அந்தப் பக்கம் ஒரு வெள்ளிக் கம்பி. தோல் மூடியிருக்கிறவரை மின்சாரம் போகாது, கணினித் திரையில் கோடு நேராக ஓடும். பத்து நிமிஷம் நேராக ஓடுகிறதா என்று பார்ப்பாள். பிறகு மல்லாட்டை வேரிலிருந்து பிரித்தெடுத்த புரதத்தில் ஒரு சொட்டு விட்டு, கிண்ணத்தின் அடியில் கிடக்கிற சின்னக் காந்தத் துண்டை ஒரு நிமிஷம் சுழல விட்டுக் கலக்குவாள். புரதம் ஒன்று தோலில் போய் உட்கார்ந்து திறந்தால் கோடு ஒரு படி ஏறும். மூடினால் இறங்கும். பார்க்கப் படிக்கட்டு மாதிரியே இருக்கும்.

ஆனால் நம் ஊர்க் கரண்ட் அந்தப் படியைப் பார்க்க விட்டால்தானே. சுவருக்குள் ஓடும் ஒயர், விசிறி, ட்யூப்லைட்டு எல்லாம் சேர்ந்து நொடிக்கு ஐம்பது தரம் முனகும். அந்த முனகலில் படி முழுகிப் போகும். வசதியுள்ள ஆய்வுக்கூடங்களில் அதற்கெல்லாம் கருவி உண்டு. ஜெசிந்தாவுக்கு வாய்த்தது, திண்டிவனம் பட்டறையில் செப்பு வலை அடித்துச் செய்த ஒரு கூண்டும், ஹைவேயில் லாரி போனால் அதிராமலிருக்க ஸ்கூட்டர் ட்யூபின்மேல் வைத்த ஒரு கடப்பைக்கல்லும்தான். ஆகவே அவள் ஷட்டவுன் நாளுக்காகக் காத்திருப்பாள். மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள் இல்லையா, ஊரே பேஜாராய்ப் போச்சு என்று திட்டும் அந்த நாள்தான் அவளுக்கு நல்ல நாள். கம்ப்யூட்டரும் கருவியும் பேட்டரியில் ஓடும். சுவர்கள் வாய் மூடிக் கிடக்கும்.

முதல் நான்கு வருஷம் எந்த ஷட்டவுன் நாளிலும் ஒரு படிகூட வரவில்லை. புரதம் எடுக்கும் முறையை மாற்றினாள், கொழுப்பை மாற்றினாள். ஐந்தாம் வருஷத் தொடக்கத்தில் ஒருநாள் படி வந்தது. அடுத்த மாதமும் வந்தது. அதற்குப் பிறகு ஏறக்குறைய எல்லா மாதமும் வந்தது. வழிகாட்டியான பேராசிரியர் சீனுவாசன் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டு வைத்தார். ஆய்வேட்டின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அந்தப் படிக்கட்டின் படம் இருக்கிறது.

இனி வியாழக்கிழமைக்கு வருவோம். கொடுக்க வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை, ஷட்டவுன். படத்துக்கு இன்னும் ஒரே ஒரு நீளமான பதிவு இருந்தால் நன்றாயிருக்கும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

ஒன்பது பத்துக்குக் கரண்ட் நின்றது. விசிறிகள் ஓய்ந்தன. இரண்டு தோல் கிழிந்து போய், மூன்றாவது நின்றது. கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கெமிஸ்ட்ரி லேப்பில் படிக்கிற ரஞ்சித் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"டாக்டரம்மா, ஐஸ் கொஞ்சம் குடு."

"கதவ மெதுவா சாத்துடா. தோலு கிழிஞ்சிடும்."

"எங்க பிரிட்ஜி நின்னுப்போயி என் சாம்பிளு கஞ்சியா ஆயிக்கினு இருக்குது, உனுக்கு தோலு கவலை."

"பாதி எடுத்துக்க. புரதக் குப்பிய தொடாத."

அவன் தெர்மோகோல் பெட்டியிலிருந்து ஐஸை அள்ளியபடி சிரித்தான். "தேவா அனுப்புன டிசைனு பாத்தியா? உன்ன நடுவுல நிக்க வச்சி ரெண்டு பக்கமும் மல்லாட்டைச் செடி. எலக்‌ஷன்ல நிக்கிறவங்க மாதிரி கைகூப்பிக்கினு இருக்க."

"அதை அடிக்க வேணாம்னு சொல்லு அவன்கிட்ட."

"அடிச்சாச்சி. இருவது அடி."

அவன் போனதும் ஜெசிந்தா கிண்ணத்தின் பக்கம் திரும்பினாள். காந்தத் துண்டை ஒரு நிமிஷம் சுழல விட்டாள், நிறுத்தினாள், திரையைப் பார்த்தாள். மூன்றாவது நிமிஷம் கோடு ஒரு படி ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறி, அதன்மேல் இன்னொரு படி ஏறியது. இதுவரை வந்ததிலேயே சுத்தமான பதிவு அதுதான்.

நோட்டுப் புத்தகத்தில் நேரத்தை எழுதினாள். எத்தனையாவது தடவை எடுத்த புரதம் என்று எழுத வேண்டும். அந்த எண் குப்பியின்மேல் இருக்கும். ஐஸுக்குள் கை விட்டுக் குப்பியை எடுத்தாள்.

குப்பியின் மூடியைச் சுற்றி ஒட்டிய மெழுகுத்தாள் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நிறைய இருந்தது. சொட்டு விடுகிற பிப்பெட்டின் நுனியைப் பார்த்தாள், உலர்ந்து கிடந்தது. ரஞ்சித்தோடு பேசிய பேச்சில் சொட்டை விடாமலே கலக்கியிருக்கிறாள். கிண்ணத்தில் மல்லாட்டையின் புரதம் ஒரு துளியும் இல்லை. திரையில் படிக்கட்டு யாரையும் கேட்காமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் பிறகு எழுந்து, போன மாதத்துப் புரதம் எங்காவது ஒட்டியிருக்கலாம் என்று கிண்ணத்தைத் திரும்பவும் கழுவினாள், புதுத் தண்ணீர் ஊற்றினாள், புதுத் தோல் தடவினாள். கலக்காமல் விட்டால் கோடு நேராக ஓடியது. காந்தத்தைச் சுழற்றினால் படி வந்தது. மூன்று தடவை செய்து பார்த்தாள், மூன்று தடவையும் அப்படியே.

இடுக்கியால் காந்தத் துண்டை வெளியே எடுத்தாள். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசு, வெள்ளைப் பூச்சு. பழசாகிப் பூச்சில் ஒரு விரிசல் விழுந்திருந்தது. விரிசலுக்குள் காவி நிறத்தில் ஏதோ மெல்லிய கோடு. மூக்கருகே கொண்டுபோனாள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் வாசம் அடித்தது.

ஆய்வுக்கூடத்தைப் பெருக்கித் துடைத்துப் பாத்திரம் கழுவி வைக்கிறவள் அஞ்சம்மாள். ஐம்பது வயது இருக்கும். தினக்கூலி ஆள். வராந்தாவில் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"அஞ்சக்கா, நேத்து சாயங்காலம் இதெல்லாம் எதால கழுவுனீங்க?"

"எதால கழுவுவாங்க, தண்ணியாலதான்."

"தண்ணி மட்டுமா?"

"ஏன், அழுக்கா கீதா?"

"இல்லக்கா, ரொம்ப சுத்தமா இருக்குது. அதான் கேக்கறேன்."

அஞ்சம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சரியில்லை என்று அவளுக்கும் பட்டிருக்க வேண்டும். கையை உதறிக்கொண்டு சொன்னாள். "சீயக்காத் தூளு போட்டேன். நீ அதுல எண்ணெ மாரி ஒண்ணு தடவுற இல்ல. எண்ணெப் பிசுக்கு வெறும் தண்ணிக்குப் போவுமா?"

"போர்டுல எழுதி ஒட்டியிருந்தேனே."

"போர்டுல இன்னா எழுதிகிற? சோப்பு போடாதே, பவுடர் போடாதேன்னு. படிச்சிட்டுத்தான் போடல. சோப்பு ஆவாதுன்னா சீயக்கா. எங்க ஊட்டுல வெளக்குக்கும் அதான், தலைக்கும் அதான்."

"தினமும் போடுவீங்களா?"

"தினம் எதுக்கு? மாசத்துக்கு ஒருவாட்டி, நீ மிஷின் போடற நாளுக்கு முந்தின நாளு. அந்த வெள்ளப் பூச்சி, சுத்துமே, அதையும் சேத்து ஊற வச்சி எடுப்பேன். நாளு கெழமைன்னா நல்லா தொலக்கி வைக்கிறது இல்லியா?"

"எப்பலருந்துக்கா?"

"போர்டு ஒட்டுனதுலருந்து. அதுக்கு முன்னால நீயேதான கழுவிக்குவ."

அந்த எச்சரிக்கையை எழுதி ஒட்டியது ஜெசிந்தாதான். ஐந்தாம் வருஷத் தொடக்கத்தில். சோப்பு பட்டால் கொழுப்புத் தோலில் ஓட்டை விழும், ஓட்டை திறந்து திறந்து மூடினால் படிக்கட்டு மாதிரியே தெரியும், பார்ப்பவர் ஏமாந்து போவார் என்று அவள் படித்திருந்தாள். அதனால்தான் ஒட்டினாள். சீயக்காயில் நுரை வருகிற சத்தும் அதே வேலையைத்தான் செய்யும். கிண்ணத்தை அவள் தினமும் காலையில் தன் கையால் இன்னொரு தரம் கழுவுவாள். காந்தத் துண்டை மட்டும், அஞ்சக்கா கழுவிவிட்டாள் என்று, அப்படியே எடுத்துப் போடுவாள். கலக்கினால் தோல் கிழியக்கூடும் என்பதால் புரதம் விடுவதற்கு முன்னால் ஒருநாளும் அதைச் சும்மா சுழல விட்டுப் பார்த்ததில்லை. முதல் சுழற்சியே புரதத்தோடுதான்.

கரண்ட் வர இன்னும் நேரம் இருந்தது. ரஞ்சித்திடம் போய் உறை பிரிக்காத புதுக் காந்தத் துண்டு ஒன்று வாங்கி வந்தாள். எதற்கு என்று கேட்டான். படி சரியில்லை என்றாள். அவன் மேலே கேட்கவில்லை.

புதுத் துண்டைப் போட்டுச் சும்மா சுழற்றினாள். இருபது நிமிஷம் கோடு நேராக ஓடியது. பிறகு குப்பியின் மெழுகுத்தாளைப் பிரித்து, புரதம் ஒரு சொட்டு விட்டு, சுழற்றினாள். பத்து நிமிஷம் போயிற்று, இருபது போயிற்று, நாற்பதும் போயிற்று. கோடு ஆற்று மணலில் இழுத்த கயிறுபோல நேராகவே கிடந்தது. ஆறு வருஷமாக அவள் தேடிய கதவு திறக்கவில்லை. அங்கே இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. அஞ்சம்மாளை உள்ளே கூப்பிட்டாள்.

"அக்கா, இந்தப் புதுசையும் நேத்து கழுவுன மாதிரியே கழுவிக் குடுங்க."

"வேணாங்கிற, இப்ப கழுவுங்கிற."

"ஒருவாட்டி மட்டும். எவ்ளோ தூளு போடுவீங்க?"

"மூணு வெரலு அளவு."

"அதே அளவு இந்தக் காயிதத்துலயும் போடுங்க, நாளைக்கு எடை பாக்கணும்."

அஞ்சம்மாள் தொட்டிக்கருகே போய், போட்டோவுக்கு நிற்கிறவள்போல விறைப்பாக நின்று தூளைத் தண்ணீரில் போட்டாள். விரலால் ஒரு சுற்று கலக்கினாள். திரும்பிப் பார்த்தாள்.

"வழக்கமா எப்பிடி கழுவுவீங்களோ அப்பிடி கழுவுங்கக்கா."

"நீ பாத்துக்கினு இருந்தா வழக்கம் எப்பிடி வரும்? அந்தாண்ட திரும்பு."

ஜெசிந்தா திரும்பி ஜன்னலைப் பார்த்து நின்றாள். பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஊற வைத்து, தேய்த்து, ஒரே ஒரு முக்கு முக்கி எடுத்து, முந்தானையில் ஒற்றிக் கொடுத்தாள் அஞ்சம்மாள். புதுத் தண்ணீர், புதுத் தோல், புரதம் கிடையாது. பத்து நிமிஷம் நேர்க்கோடு. பிறகு காந்தத்தைச் சுழற்றினாள்.

இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது நிமிஷம் கோடு ஏறியது.

"இதான் நீ சொல்ற படியா?"

"இதான்க்கா."

"இத்தினி நாளு நீ பாத்துக்கினு இருந்தது?"

"உங்க சீயக்காய."

அஞ்சம்மாள் கோட்டையே பார்த்தாள். ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணினாள். "நல்லாத்தான் ஏறி எறங்குது," என்றாள். அதற்கப்புறம் குரல் இறங்கிப் போயிற்று. "சாரு என்னைய நிப்பாட்டிடுவாரா?"

"போர்டுல இருந்தபடி செஞ்சீங்க. எழுதுனது நான். சும்மா ஒருவாட்டி சுத்த விட்டுப் பாக்காதது நான். உங்க பேரு இதுல வராது, சீயக்கா பேரு வரும்."

"அப்ப உனுக்கு? திங்கக்கெழம?"

"தெரியலக்கா."

இரண்டு ஐம்பதுக்குக் கரண்ட் வந்தது. திரையில் கோடு கம்பளிப்பூச்சி மாதிரித் தடித்துப் போய் எதுவும் தெரியாமல் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை அவள் கல்லூரிக்குப் போகவில்லை. வீட்டில் ஆய்வேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்காமல் இருந்திருப்பாள் என்று எண்ணாதீர்கள், கண்ணுகளா. நினைத்தாள். தேர்வாளர்கள் எங்கோ தூரத்தில் இருக்கிறவர்கள். மல்லாட்டை வேர் முடிச்சில் இந்த வேலையை மறுபடி செய்து பார்க்க உலகத்தில் யாரும் அவசரப்படப் போவதில்லை. அஞ்சம்மாள் வாய் திறக்க மாட்டாள். ஒரு சொட்டு விடாமல் போன கதை அந்த அறைக்குள்ளேயே கிடக்கும். பட்டம் கைக்கு வந்த பிறகு, நிதானமாக, வேறு ஏதாவது கதவைத் தேடிக்கொள்ளலாம். இதையெல்லாம் ஒரு நாள் முழுக்க நினைத்தாள்.

சனிக்கிழமை காலையில் திண்டிவனம் போய், அங்கிருந்து விழுப்புரம் பஸ் பிடித்தாள். பேராசிரியர் சீனுவாசன் வீடு கிழக்குப் பாண்டி ரோட்டில். அடுத்த வருஷம் பணி ஓய்வு பெறப் போகிறவர். சாப்பாட்டு மேசையில் ஆய்வேட்டின் நான்கு பிரதிகளையும் பரப்பி வைத்து, இது இந்த மாணவியின் சொந்த வேலை, உண்மையான வேலை என்று அச்சடித்த பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பிரதி முடிந்திருந்தது.

"வாம்மா. சரியான நேரத்துக்கு வந்தே. இன்னும் ரெண்டுதான்."

"சார், அதுக்கு முன்னாடி இதைப் பாருங்க."

மூன்று தாளை அவர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு முதல் தாளைப் பார்த்தார்.

"இது?"

"புது காந்தத் துண்டு போட்டது சார். புரதம் இல்லாம."

"இது?"

"அதே துண்டு, புரதத்தோட. நாப்பது நிமிஷம்."

மூன்றாவது தாளை எடுத்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இது நம்ம கதவு. அழகா வந்திருக்கே."

"இல்ல சார். இதுல புரதமே போடல. இது சீயக்கா."

ஆதியிலிருந்து சொன்னாள். உள்ளே குக்கர் மூன்று விசில் விட்டது. அவர் பேனாவின் மூடியைப் போட்டார்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"கழுவுற அக்காவுக்கு. ரஞ்சித்துக்கு ஏதோ சரியில்லன்னு மட்டும் தெரியும். இப்ப உங்களுக்கு."

"திங்கக்கிழமை குடுத்துட்டா யாரும் கண்டுபிடிக்கப் போறதில்ல. அது உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும் சார். நேத்து பூரா அதைத்தான் யோசிச்சேன்."

"யோசிச்சு?"

"வைவாவுல நூத்திப் பன்னெண்டாம் பக்கத்தைத் திருப்பி, இது என்னன்னு கேப்பாங்க. புரதம்னு சொல்லணும். வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்தேன் சார். வாய் சொல்லுது. எனக்குத்தான் கேக்க முடியல."

அவர் அந்த இரண்டு கையெழுத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார். தன்னைத்தானே விசாரித்துக்கொள்கிறவர்போலப் பேசினார். "ரெண்டு வருஷமா ஒவ்வொரு ரெக்கார்டுலயும் கையெழுத்துப் போட்டிருக்கேன். சும்மா சுத்த விட்டியான்னு ஒரு தடவை கேட்டிருக்கணும். கேக்கல. படி வந்துடுச்சுன்னதும் எனக்கும் சந்தோஷம்."

பேனாவைத் திறந்து, போட்ட கையெழுத்துகளின் குறுக்கே கோடு இழுத்தார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஒரு வருஷம் தவணை கேட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். காரணம் என்ற இடத்தில் ஒன்றையும் மறைக்காமல் எழுதினார். தன் கவனக் குறைவையும் எழுதினார். சீயக்காய் என்ற வார்த்தையை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவதென்று ஒரு நிமிஷம் யோசித்தார்.

"குடுப்பாங்களான்னு சொல்ல முடியாது," என்றார், மடித்துக் கொடுக்கும்போது. "குடுத்தாலும் ஒரு வருஷத்துல அந்தக் கதவு கிடைக்கும்னு இல்ல."

"கதவே இல்லாமயும் இருக்கலாம் சார்."

"இருக்கலாம். இல்லைன்னு சரியா காட்டினா அதுவும் தீசிஸ்தான். யாரும் மாலை போட மாட்டாங்க, அவ்வளவுதான்."

திரும்பி வருகிற பஸ்ஸில் தேவாவுக்குப் போன் செய்து பிளெக்ஸைக் கட்ட வேண்டாம் என்றாள். இருபது அடிக்கா, என்று அவன் இழுத்தான். பிறகு, சரிக்கா, கடை ஓனரு கோழிக்கூண்டு மேல போட்டுக்கட்டும் என்றான். காரணம் கேட்டான். வீட்டுக்கு வா, சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

கிளியனூரில் இறங்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. செண்பகம் கழனியிலிருந்து வந்து, காலைக் கழுவிக்கொண்டு, அடுப்பில் கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா வாசற்படியிலேயே நின்றாள்.

"சாரு கையெழுத்து போட்டாரா?"

"போட்டதை அடிச்சிட்டாரும்மா. திங்கக்கெழம குடுக்கல."

களிக்கட்டை நின்றது. ஜெசிந்தா முழுக்கச் சொன்னாள். தோல், சொட்டு, மூடியிருந்த குப்பி, சீயக்காய் எல்லாம். அம்மாவுக்குப் பாதி புரிந்திருக்கும். சீயக்காய் முழுக்கப் புரிந்தது.

"இன்னும் எத்தினி நாளு?"

"ஒரு வருஷம். குடுத்தாங்கன்னா."

"அப்ப இத்தினி நாளா செஞ்சது பொய்யா?"

"தப்பும்மா. பொய் இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதான."

"திங்கக்கெழம குடுத்திருந்தா ஒண்ணாயிருக்கும்."

செண்பகம் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். அழுவாளோ, திட்டுவாளோ என்று ஜெசிந்தா காத்திருந்தாள். வெளியே யாரோ டிவிஎஸ் பிப்டியில் புல்லுக்கட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுப்பில் களி கொதித்து ஒரு கொப்புளம் வெடித்தது.

"அந்தக் கழுவுற பொம்பளைய ஒண்ணும் சொல்லலியே?"

"இல்லம்மா."

"ம்," என்றாள் செண்பகம். கட்டையை மறுபடி பிடித்து நான்கு சுற்று கிண்டினாள். ஈரக் கையால் களியை உருட்டித் தட்டில் போட்டு, நடுவில் குழித்து, கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். "கைய கழுவிக்கினு வா. ஆறிப்போச்சின்னா தொண்டையில எறங்காது."

ஜெசிந்தா கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பையை இன்னும் தோளிலிருந்து கழற்றவில்லை. அம்மாதான் கழற்றி ஆணியில் மாட்டினாள். களி நாக்கைச் சுட்டது. ஊதி ஊதிச் சாப்பிட்டாள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. இனி எழுந்து போகலாம். போகும்போது இதையும் கொண்டுபோங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருநாள், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு வாசலில் வந்து நின்றால், அந்த நேரம் உங்கள் அடுப்பு எரிந்துகொண்டிருக்கட்டும். தட்டு சூடாக இருக்கட்டும். நாலு கேள்விக்குமேல் கேட்காத ஒரு ஆள் அந்த வீட்டில் இருக்கட்டும். உங்கள் பாத்திரம் நிறைந்து, உங்கள் பிள்ளைகள் வாய்க்கு ருசியாகத் தின்று, நிம்மதியாகத் தூங்கட்டும்.